மேற்கு எல்லை: பூவரசு வேலி

அக்கா தன் மகளுக்குச் சீதனமாக எழுதும் வீட்டு வளவின் உறுதிப் பத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. "பேப்பரில வேலை செஞ்ச ஆள்தானே தம்பி, எழுத்துப் பிழை பாத்து அனுப்பு." மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். 'மேற்கு எல்லை: ஒழுங்கையோரப் பூவரசு வேலி.'

தன்னாமுனையில் நாங்கள் வளர்ந்த வளவு அது. அப்பா வயலில் நின்றால் வரம்பு என்பார், வீட்டில் நின்றால் வேலி என்பார். எல்லை என்ற சொல் உறுதிக்குள் மட்டுமே இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதில், மாரிக்கு முன், மேற்கு வேலியைப் புதிதாக நட்டோம். அக்கா படியில் இருந்து கொய்யாக்காய் தின்றபடி, "எண்ட வேலிய வடிவா நடு" என்றா. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான்.

"அப்ப எண்ட வேலி?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அது வேற ஊர்ல நிக்கிது மனே. ஒனக்கு மச்சானாகப் போறவன் இப்ப பொருமிப் பொருமி நட்டுக்கொண்டிருப்பான்."

அவர் தேத்தண்ணி குடிக்கப் போனதும், வேலி நேராக வர அவர் கட்டிய கயிற்றை ஒரு முழம் வளவுக்குள்ளே தள்ளிக் கட்டினேன். பூவரசங் கதியால் கம்புகளை அதன்படியே நட்டேன். அக்காவின் ஒரு முழ நிலம் ஒழுங்கைப் பாதையோடு போனது. அப்பா திரும்பி வந்து, "நேராத்தான் இருக்கு" என்றார். மழையோடு கதியால்கள் வேர்விட்டன.

இப்போது மனைவியின் வளவில் வருடா வருடம் வேலி கட்டுகிறேன்.

உறுதியில் எழுத்துப் பிழைகள் இரண்டு இருந்தன. திருத்தி அனுப்பினேன். மேற்கு எல்லையைத் தொடவில்லை.