இரண்டு விசில்

ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். யாரும் துரத்தவில்லை, எங்கும் தீப்பிடிக்கவில்லை, பிறகு எதற்கு இப்படி மூச்சு வாங்க வேண்டும்? நான் பஸ் கண்டக்டர். பொழுது முழுக்க நின்றுகொண்டே வேலை. உட்கார ஒரு மூலை கிடைத்தால் அதுவே சொர்க்கம் என்று இருப்பவளிடம் வந்து ஓட்டத்தின் பெருமையைப் பேசினால் கோபம் வராதா?

அப்படிப்பட்ட என் தலையில்தான் ஒட்டடைக்குச்சியைக் கட்டினார்கள். எங்கள் டிப்போவில் என் வண்டி டிரைவருக்கு அதுதான் பெயர். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அந்தக் கணக்கில் அவர் மனைவி எனக்கு அண்ணி. "நாத்தனார் வந்தாச்சு, இனிமே வீட்ல சண்டைக்குப் பஞ்சமில்ல" என்று சொல்லிக்கொண்டேதான் எனக்குக் கதவைத் திறப்பார். வாய்க்கு வாய் எனக்குச் சரியான ஜோடி.

எங்கள் நகரத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய ஓட்டம் நடக்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். கேட்டாலே எனக்குக் கால் வலிக்கும். அதை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. ஆசை என்று லேசாகச் சொல்லிவிட்டேன், பைத்தியம். போன வருடம் ஒரே ஒரு நிமிடத்தில் கோட்டைவிட்டார். அதற்கு முந்தின வருடமும் கிட்டத்தட்ட அதே கதை. "எங்கயோ ஒழுகுது தங்கச்சி, எங்கன்னுதான் தெரியல" என்று டீ குடிக்கும்போதெல்லாம் புலம்புவார்.

இந்த வருடம் அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருக்கும் ஷிஃப்ட், இவருக்கும் ஷிஃப்ட். இரண்டு பேரும் வாசலில் செருப்பு மாட்டும்போது பார்த்துக்கொண்டால் உண்டு.

"நான் ஒண்ணும் ராட்சசி இல்ல. கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குன்னு இருந்திருக்கா, நீயே கேளு. இந்தத் தடவ மூணு மணி நேரத்துக்குள்ள வந்துட்டா சரி, அப்புறம் அவர் பாடு. வரலேன்னா அந்த ஷூவக் கழட்டிப் பரண்ல போட்டுடணும். அதோட முடிஞ்சுது."

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அண்ணன் தலை நிமிரவில்லை. "வார்த்த குடுத்துட்டேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்ன குரல் இல்லை அது.

ஓட்டத்துக்குச் சில வாரம் இருக்கும்போது அண்ணிக்கு ஷிஃப்ட் இரவுக்கு மாறியது. "வண்டிய ஓட்டிக்கிட்டே தூங்கிடப் போறாரு, இந்த வாரம் ஒரு கண்ணு வெச்சுக்கோ" என்று என்னிடம் ஒப்படைத்தார். அதுவரை எங்கள் டிரைவர் ஓடுவார் என்பது எனக்குச் செய்தி மட்டும்தான். அந்த ஒரு வாரம்தான் கண்ணால் பார்த்தேன்.

திங்கட்கிழமை நான் கொட்டாவி விட்டுக்கொண்டு பஸ்ஸின் முதல் நடைக்கு வந்தபோது அவர் ஓடி முடித்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "சும்மா மெதுவா, உடம்ப எழுப்புறதுக்கு" என்றார். அந்த மெதுவா என்பது நாங்கள் பஸ்ஸில் போகிற தூரம்! ஈரச் சாக்ஸை எஞ்சின் மூடிமேல் விரித்துக் காயப்போட்டிருந்தார். முன் சீட்டில் வந்து உட்கார்ந்த பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏம்மா கண்டக்டர், வண்டியில ஏதாவது செத்துக் கிடக்கா?"

"இல்ல பெரியம்மா, உங்க டிரைவர் ஓட்டப் பந்தய வீரரு. அந்த வாசனதான்."

"அப்ப அவர ஓடி வரச் சொல்லு. வண்டிய வேற யாராவது ஓட்டட்டும்."

பஸ்ஸே சிரித்தது. அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து முறைத்தார்.

செவ்வாய்க்கிழமை டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளி மைதானத்தில் வேகச் சுற்று. சுவரின் மேல் கையூன்றி எட்டிப் பார்த்தேன். கேலி செய்யத்தான் போனேன், பொய் சொல்வானேன். ஒரு சுற்று தலைதெறிக்க ஓடுவார், அடுத்த சுற்று மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக, மறுபடி தலைதெறிக்க. நடுவில் ஒருமுறை குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குமட்டினார். சரி, இத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிளம்பினார். பஸ்ஸில் குடைமிளகாய் மூட்டைக்குக்கூட வழிவிட்டு ஒதுங்குகிற அந்தச் சாது மனிதரா இது? எனக்குப் புல்லரித்துப் போனது. டீ ஆறிப்போனதையும் மறந்து சுவரோரம் நின்றிருந்தேன்.

புதன்கிழமை அவர்கள் குடியிருப்பில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. டூட்டி முடிந்து வந்து, மேல்வீட்டுக்காரரின் புதுத் துவைக்கும் இயந்திரத்துக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்து மேல்மாடிவரை ஏற்றிவிட்டு, அதன் பிறகு ஓடப் போனாராம். வியாழக்கிழமை மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் ஒட்டடைக்குச்சி மடங்கி உட்கார்ந்து, டீச்சர் கணக்குப் பாடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறட்டை விட்டிருக்கிறார். "மானம் போச்சு அத்தை" என்று மகள் என்னிடம் அழாத குறை. வெள்ளிக்கிழமை ஓய்வு நாள். ஓய்வு என்றால் அவருக்கு என்னவோ தண்டனைபோல. ஜன்னல் கம்பிகளையெல்லாம் துடைத்து, மிக்ஸியைப் பிரித்து மாட்டி, கடைசியில் மீதி வந்த ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம். வழக்கமாக அண்ணிதான் தண்ணீர் பாட்டிலோடு ஸ்கூட்டரில் கூடவே போவார். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்தவரைத் தூங்கச் சொல்லிவிட்டு, இந்தமுறை நான் போனேன். அண்ணன் ஓடுவது எங்கள் பஸ் ரூட்டில்தான். வருடக்கணக்காக அதே ரோட்டில் ஓட்டுகிறார், எந்தக் குழி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பெரிய ஓட்டமும் அந்த ரோட்டிலேயே போய் அதிலேயே திரும்பும்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. தாளம் தப்பாமல் கால்கள் போய்க்கொண்டிருந்தன. பாதி தூரம் கடந்து களைப்பு ஏறிய பிறகுதான் கவனித்தேன். மார்க்கெட் பஸ் நிறுத்தம் நெருங்கியபோது அண்ணன் லேசாக இடப்பக்கம் ஒதுங்கினார். வேகம் குறைந்தது. ஒரு விநாடி இடது பக்கம் பார்த்தார். பிறகு பழைய வேகம். அடுத்தது தண்ணீர்த் தொட்டி நிறுத்தம். அங்கேயும் அதே ஒதுங்கல், அதே பார்வை. அதற்கடுத்ததிலும் அப்படியே.

ஸ்கூட்டரைப் பக்கத்தில் கொண்டுபோனேன். "அண்ணே, நீங்க ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் நிறுத்துறீங்க!"

"என்ன உளர்ற? நான் என்ன பஸ்ஸா?"

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. நான் வாதாடவில்லை. கழுத்தில் எப்போதும் கிடக்கும் விசிலை எடுத்து வாயில் வைத்தேன். எங்கள் வேலையில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் புறப்படு. இரண்டாவது விசில் காதில் விழாமல் டிரைவரின் கால் ஆக்ஸிலேட்டரைத் தொடாது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் இரண்டு விசில் ஊதினேன். மனிதர் அம்புபோல நேராகக் கடந்து போனார். அதற்கடுத்த நிறுத்தத்தில் வேண்டுமென்றே ஊதாமல் இருந்தேன். கால் தயங்கியது, இடது பக்கம் ஒதுங்கினார்.

அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இங்கதான் ஒழுகுது" என்றார். கண் கலங்கியிருந்தது.

அதன் பிறகு அந்தப் பழக்கத்தை விட அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நிறுத்தம் வந்தால் வலப்பக்கம் பார்த்து ஓடிப் பார்த்தார், பாட்டுப் பாடிக்கொண்டு ஓடிப் பார்த்தார். உடம்பில் தெம்பு இருக்கும்வரை சரியாக இருக்கும். களைத்துவிட்டால் கால் தன் இஷ்டத்துக்குப் போய்விடும். "புத்திக்குப் புரியுது, காலுக்குப் புரியல" என்றார். வேறு ரோட்டில் ஓடிப் பழகவும் காலம் இல்லை. ஓட்டத்துக்கு முந்தின நாள் ஷூவுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தவர், "பரண்ல எடம் இருக்கான்னு பாத்து வெச்சுட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

நேராக டிப்போவுக்குப் போனேன். மறுநாள் காலையில் ஓட்டத்துக்காக ரோட்டை மூடுவார்கள், எங்கள் ரூட்டில் பஸ் கிடையாது, கண்டக்டர்கள் எல்லாரும் டூட்டிக்கு வந்து சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஓய்வறையே சிரித்து உருண்டது. சிரித்து முடித்த பிறகு ஒருவர், "எனக்கு மார்க்கெட் ஸ்டாப்பிங்" என்றார். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டி என்றார். மூலையில் டைம்கீப்பர் உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம் லேட்டானாலும் கிழிகிழியென்று கிழிப்பவர், முகத்தில் சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தோம்.

"விசில் எல்லார்கிட்டயும் இருக்கில்ல? எனக்கு ஒண்ணு குடுங்க. சின்ன பாலம் ஸ்டாப்பிங் என்னோடது" என்றார்.

அண்ணனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், வேண்டாம், எதற்கு எல்லாருக்கும் சிரமம் என்பார். அவருடைய குணம் அப்படி.

மறுநாள் நான் நின்றது கடைசி நிறுத்தமான ஆஸ்பத்திரி வாசலில். அதைத் தாண்டி ஒரு வளைவு, பிறகு முடிவுக் கோடு. அண்ணி ஷிஃப்ட் முடிந்த கையோடு நர்ஸ் உடுப்பிலேயே கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். போகும் வழியில் அண்ணனுக்கு எந்தக் கவலையும் இல்லை. திரும்பி வரும் வழியில்தான், உடம்பு சக்கையான பிறகுதான், கால் ஏமாற்றும். அதனால் எங்கள் ஆட்கள் எல்லாரும் திரும்பும் பக்கத்தில் நின்றார்கள்.

காத்திருந்தேன். யார் யாரோ ஓடி வந்தார்கள். மணியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்போது தூரத்தில், வெகு தூரத்தில், இரண்டு விசில் கேட்டது. அது மார்க்கெட். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு விசில், இன்னும் கிட்டத்தில். தண்ணீர்த் தொட்டி. அடுத்து சின்ன பாலம். டைம்கீப்பர் ஊதிய ஊதலில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. ஒவ்வொரு நிறுத்தமாக, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிவிடுவதுபோல, அவரை என்னிடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் அந்த விசிலை எத்தனை ஆயிரம் முறை ஊதியிருப்பேன், அதில் இப்படி ஒரு அழகு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வளைந்து நெளிந்து ஒட்டடைக்குச்சி வந்தது. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. உதடு வெடித்திருந்தது. கண் எதையும் பார்க்கவில்லை. கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒரு மனித உடம்பு இவ்வளவு தாங்குமா என்று பிரமித்துப்போய் நின்றேன். நிறுத்தம் நெருங்கியது. இதோ, லேசாக இடது பக்கம் ஒதுங்க ஆரம்பித்தார். விசிலை வாயில் வைத்தேன். அழுகை தொண்டையை அடைத்துக்கொண்டது. காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. சனியனே, இப்போதா அழ வேண்டும்!

விசிலைத் துப்பிவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "ரைட்! போலாம் ரைட்!"

நேரானார். என்னைக் கடந்து போனார்.

ஏன் ஓடினேன் என்று தெரியாது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு அவர் பின்னால் நானும் ஓடினேன். வாழ்க்கையில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள், மூச்சிரைக்க, ஓரத்தில் நின்ற கூட்டத்தை இடித்துக்கொண்டு, வெறுங்காலில் ஓடினேன். வளைவைத் தாண்டியபோது அவர் கோட்டைக் கடந்துவிட்டிருந்தார். மேலே தொங்கிய பெரிய கடிகாரம் இன்னும் மூன்று மணியைத் தொடவில்லை. இரண்டுதரம் பார்த்தேன், மூன்றாம் தரமும் பார்த்தேன். தொடவில்லை! சந்தோஷத்தில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

ஆனால் அண்ணன் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தார். யாரோ தண்ணீர் நீட்டினார்கள், யாரோ போர்வையோடு பின்னால் போனார்கள். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. ஓட்டம் முடிந்துவிட்டது என்பது அந்தக் காலுக்கு இன்னும் தெரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு நீள விசில் போதும், நின்றுவிடுவார். ஓடிப்போய் அண்ணி பக்கத்தில் நின்று விசிலை வாய்க்குக் கொண்டுபோனேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. கண்ணை மட்டும் அவர்மேலிருந்து எடுக்கவில்லை.

"ஊதாத" என்றார். "அவரா நிக்கட்டும்."

நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவர் இன்னும் கொஞ்ச தூரம் போனார்.