கேள்வியக்கா காக்கும் பதில்கள்

"படிச்சாச்சா?"

"படிச்சாச்சுக்கா."

"அப்போ சொல்லுங்க. நீங்க எழுதற பதிலை யார் யார் பாப்பாங்க?"

நூற்றைம்பது கிலோவை அலட்டிக்கொள்ளாமல் தூக்குகிற ஆள் திருதிருவென்று விழிக்கிறார். 'சம்மதம்' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் பாயவிருந்த விரல் அப்படியே நிற்கிறது. கேள்வியக்கா அவசரப்படுத்த மாட்டார். டப்பாவிலிருந்து ஒரு வேர்க்கடலை எடுத்து, தோலை ஊதி, வாயில் போட்டுக்கொண்டு காத்திருப்பார். எதிரில் இருப்பவர் தன் சொந்த வார்த்தையில் சொல்லி முடிக்கும்வரை ஆன்லைன் மனநிலைச் சோதனை தொடங்காது.

எங்கள் விளையாட்டுப் பயிற்சி மையத்தின் உளவியலாளர் அவர்; கேள்வியக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். அவர் வந்த முதல் வாரமே, "தம்பி, இந்தப் பதிலெல்லாம் உங்களால பாக்க முடியுமா?" என்று கேட்டார். எல்லாப் பாஸ்வேர்டும் என்னிடம்தான் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போ முதல்ல உங்களைத்தான் வெளியே அனுப்பணும்" என்று சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள், நானே திறக்க முடியாதபடி என் கையாலேயே பூட்டுப் போடவைத்துவிட்டார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எப்போதும் ஓட்டக்காரர்களின் ஷூதான் போட்டிருப்பார். பஸ்ஸுக்குக்கூட ஓடி நான் பார்த்ததில்லை. புதிதாக எந்தச் சோதனை வந்தாலும் முதலில் தானே எழுதிப் பார்ப்பார். ஒன்றில் 'போட்டி மனப்பான்மை மிகக் குறைவு' என்று முடிவு வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார். "காய்ச்சல் இருக்கான்னு பாக்கற கருவி மாதிரிதான் தம்பி இது. ஒருத்தி நல்லா ஓடுவாளான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

வெள்ளிக்கிழமை மாலையில் சோதனை வைக்கச் சொல்லி யார் தலைகீழாக நின்றாலும் நடக்காது. "யாராவது வாழவே பிடிக்கலன்னு எழுதிட்டா? திங்கக்கிழமை பாக்கறதுக்கு வெள்ளிக்கிழமை எதுக்குக் கேக்கணும்?" அதனால் எப்போதும் காலையில்தான். கடைசிப் பதிலையும் படித்த பிறகுதான் சாப்பாடு. ஒருமுறை ஏதோ ஒரு பதிலைப் படித்தவர், பையை அப்படியே போட்டுவிட்டு விடுதிக்கு விடுவிடுவென்று நடந்தார். திரும்பி வர ஐந்து மணி ஆகிவிட்டது. யாரைப் பார்த்தார், என்ன பேசினார் என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை.

போன மாதம் சிக்கல் வந்தது. தொடர் ஓட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நேரம். நானூறு மீட்டர் ஓடும் பெண் ஒருத்தி முந்தைய போட்டியில் கைமாற்றும் கோலைக் கீழே தவறவிட்டிருந்தாள். அவள் மனதில் இன்னும் பயம் இருக்கிறதா என்று கோச்சுக்குத் தெரிந்தாக வேண்டும். இருந்தால் அணியில் இடம் கிடையாது.

"ஆள் எடுக்கறதுக்கு இந்தப் பதிலையெல்லாம் தரமாட்டேன்னு சொல்லித்தான் சார் பசங்ககிட்ட உண்மையை வாங்கினேன்" என்றார் கேள்வியக்கா.

கோச் போய் மையத்தின் செயலாளரையே கூட்டிக்கொண்டு வந்தார். செயலாளர் உட்காரவில்லை. "ஏம்மா, சென்டரோட கம்ப்யூட்டர், சென்டரோட சம்பளம். அந்தப் பொண்ணு ரிப்போர்ட்டை எடு. முடியாதுன்னா நாளையிலேர்ந்து வரவேண்டாம்."

கேள்வியக்கா வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். அவரோ, "அது அவளோடது சார், அவளைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, மைதானத்திலிருந்து அந்தப் பெண்ணை வரவழைத்தார்.

மூச்சு வாங்க வந்து நின்றாள். கேள்வியக்கா அவளுடைய பதில்களைத் திறந்து, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தன் நாற்காலியில் அவளை உட்காரவைத்தார். "படிச்சுப் பாரும்மா. இதை இவங்க கேக்கறாங்க. காட்டறதும் காட்டாததும் உன் இஷ்டம். வேண்டாம்னா ஏன்னு நான் கேக்க மாட்டேன்." தன் வேலைக்கு வந்த மிரட்டலைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நாம நின்னா அவளால யோசிக்க முடியாது. வெளியே போலாம்." அந்த இரண்டு பேரும் என்ன நினைத்தார்களோ, நகர்ந்தார்கள். கடைசியாக அவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார். இருபது வருஷத்தில் இந்தக் கட்டடத்துக்கு எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து போயிருக்கிறார்கள். யாரைப் பார்த்தும் நான் இப்படி மலைத்து நின்றதில்லை.

கதவில் முகம் தெரிகிற உயரத்தில் ஒரு கண்ணாடி உண்டு. செயலாளர் அதன் வழியே எட்டிப் பார்க்க வந்தார். கேள்வியக்கா கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். கண்ணாடியில் பாதிதான் மறைந்தது. குதிகால்களைத் தூக்கிக்கொண்டார்.