ஊற்றிக் கொடுத்தவள் நான்தான்

காளியம்மனைக் கும்பிடுகிற எல்லோருக்கும் மலையிலிருந்து பூங்காவனம் எழுதுவது. அம்மன் எனக்குச் செய்ததை வெளியே சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள். அதனால் எழுதுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த வருசம், ஆடி மாசம், மத்தியானம். என் மகள் அலமேலுவின் தோளில் அவள் அப்பன் வீசிய கொடுவாள் இறங்கியது. அவளுக்கு அப்போது பதினோரு வயசு. வீசியது அவள் மேல் இல்லை, என் மேல். அவள் குறுக்கே வந்தாள்.

அது எப்படி வந்தது என்று முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், கலசப்பாக்கம் பக்கம் இறங்குகிற சரிவில் இருக்கிறது. சாமை விதைப்போம். புளி உலுக்குவோம். என் வீட்டுக்காரர் பேர் வெள்ளையன். ஏர் பிடித்தால் அவரைப்போல ஆள் கிடையாது. கல்யாணமான மறு வருசம் குடி பிடித்துக்கொண்டது. குடித்தால் அடிப்பார். கையில் அகப்பட்டதால் அடிப்பார். விறகுக்கட்டை, மாட்டுக் கயிறு, அம்மிக் குழவி. என் இடது காது கேட்காது. முன்பல் இரண்டு இல்லை. ஒரு தடவை கொதிக்கிற களிப்பானையைத் தூக்கி எறிந்தார். தொடையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்போது மதுவிலக்கு. காட்டுக்குள் ஓடை ஓரமாகச் சாராயம் காய்ச்சுவார்கள். அங்கே போய்க் குடித்துவிட்டு வரும் வழியில் பாறையில் உருண்டு விழுவார். இல்லாவிட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். நான் மலை இறங்கிப் போய், ஸ்டேஷனில் காலில் விழுந்து கூட்டி வருவேன். வந்து சேர்ந்ததும் அடிப்பார்.

நான் ஒரு யோசனை செய்தேன். வெளியே போவதால்தானே இவ்வளவும். வீட்டிலேயே காய்ச்சிக் கொடுத்துவிட்டால் என்ன? ஊறல் போடக் கற்றுக்கொண்டேன். பானையை மாட்டுக் கொட்டகையில் புதைத்து மேலே ஒரு கல்லைத் தள்ளி வைத்தேன். அளவாக ஊற்றினேன். குடித்தார், தூங்கினார். என்னைப் போலக் கெட்டிக்காரி இந்த மலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கோபம் வந்தால் ஊற்ற மாட்டேன். அவர் கை நடுங்கும். கெஞ்சுவார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவர் குடித்து விழுந்து கிடக்கும்போது உலக்கையை எடுத்து முழங்கையில் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. தெளிந்ததும், "கொட்டாயில வுழுந்துட்டய்யா" என்றேன். நம்பினார். அலமேலு அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாராவது கேட்டா வுழுந்துட்டாருன்னு சொல்லு" என்று அவளுக்கும் சொல்லி வைத்தேன். சொன்னாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்தவன் அதைத் தவறினால், திருவிழாவில் அந்த வீட்டுப் பொங்கல் பானை மற்றப் பானைகளோடு வரிசையில் நிற்கக் கூடாது. தள்ளி வைத்துவிடுவார்கள். மலையில் அதைவிடக் கேவலம் இல்லை. நான் ஊர்க்கவுண்டரிடம் அழுது, குடியை விடுவதாக என் வீட்டுக்காரரைச் சூடம் அடிக்க வைத்தேன்.

இரண்டு நாள் குடிக்காமல் இருந்தார். மூன்றாம் நாள் உடம்பு தூக்கிப் போட்டது. வாயில் நுரை தள்ளியது. செத்துவிடுவார் என்று பயந்து பானையைத் திறந்து ஊற்றினேன். அடங்கினார். பயத்தில் செய்ததற்காக இப்போதும் நான் வருத்தப்படவில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு. கவுண்டரிடம் போய், சத்தியம் நிற்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றினேன். திருவிழாவில் என் பானையை வரிசையில் வைத்தேன். "பூங்காவனம் புருசன திருத்திட்டா" என்று பெண்கள் பேசினார்கள். அவர் அடித்ததில் முதுகு வீங்கியிருந்தது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிரித்தேன்.

என் நாத்தனார் முனியம்மா மட்டும் நம்பவில்லை. அதே ஊரில்தான் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. ஒரு நாள் வீட்டுக்குள் வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா அண்ணி, எங்கண்ணனுக்கு நீ பொண்டாட்டியா, சாராயக்கடையா?"

"வாய மூடுடி. நான் இல்லன்னா உங்கண்ணன் என்னிக்கோ செத்திருப்பான்."

"இப்ப மட்டும் உயிரோட கீறானா?"

அவளை வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். கோழி அறுத்தேன். தீ மிதித்தேன். கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா, அவரை மாத்து." ஒன்றும் நடக்கவில்லை. அவள் முன்னால் நின்று, நீ கல்லா என்று திட்டியும் இருக்கிறேன். சாக வேண்டும் என்று அரளி விதை பறித்து வைத்திருந்தேன். பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று தூக்கி எறிந்தேன்.

அந்த ஆடி மாசம் என் அண்ணன் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரர் அவரைப் பிச்சைக்காரப் பயலே என்று விரட்டினார். அண்ணன் சாப்பிடாமல் போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு ஊற்றக் கூடாது என்று முடிவு செய்தேன். கொட்டகையில் பானைக்கு மேல் இருந்த கல்லில் போய் உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் தேடிக்கொண்டு வந்தார்.

"எழுந்திருடி."

"ஓடைக்குப் போய்க் குடி. போலீசு கூட்டினு போய் சோறு போடும்."

"கையி நடுங்குதுடி. ஒரு வாயி ஊத்து."

"எங்கண்ணன திட்டின வாயிதானே? அதுக்கு மாட்டு மூத்திரம் ஊத்தறேன், குடிக்கிறியா?"

என் தலைமயிரைப் பிடித்துத் தூணில் மோதினார். கண்ணில் ரத்தம் இறங்கியது. அப்போதும் நான் விடவில்லை. அவர் முகத்தில் துப்பினேன். "வெட்டுய்யா பாக்கலாம். நீ ஆம்பளன்னா வெட்டு" என்றேன். அவர் அடிப்பார் என்று எனக்குத் தெரியும். அடிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அடித்தால் ஊர் ஓடி வரும். என் பக்கம் நிற்கும். என்னைப் பார்த்து அழும். அது எனக்கு வேண்டியிருந்தது. அம்மன் மேல் ஆணையாக இதை எழுதுகிறேன்.

கூரையில் செருகியிருந்த கொடுவாளை உருவினார். அந்த நேரத்தில் அலமேலு உள்ளே வந்தாள். கையில் டம்ளர் நிறையச் சாராயம். முந்தின நாள் மீதியை எங்கே வைத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நைனா, இந்தா குடி. அம்மாவ வுட்டுடு."

சொல்லிக்கொண்டே நடுவில் வந்தாள். ஓங்கிய கை நிற்கவில்லை.

டம்ளர் உருண்டது. மண்ணில் ரத்தமும் சாராயமும் சேர்ந்து ஓடின. அவர் கொடுவாளைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு அவர் கழுத்துக்குப் பாய்ந்தேன். அன்றைக்கு நான் கொலைகாரி ஆகியிருப்பேன். சத்தம் கேட்டு ஓடி வந்த முனியம்மா என் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள்.

"அவன அப்புறம் வெட்டிக்கலாம் அண்ணி. புள்ளயப் பாரு, சாவுது!"

பஸ் கிடையாது. கம்பில் போர்வையைக் கட்டி டோலி போல ஆக்கி, முனியம்மாவின் புருசனும் பங்காளிகளும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. பாதை வழுக்கியது. நான் சேலை முந்தானையை அவள் தோளில் அழுத்திக்கொண்டு பக்கத்திலேயே ஓடினேன். துணி நனைந்து நனைந்து வந்தது. "அம்மா, அந்த ஆளை எடுத்துக்கோ. என் பிள்ளையைக் கொடு" என்று வேண்டிக்கொண்டே போனேன்.

பாதி வழியில் அவளைப் பேசவைத்துக்கொண்டே போக வேண்டும் என்று முனியம்மாவின் புருசன் கேட்டார்: "எப்டிம்மா பட்டுது?"

அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "நைனா ஒண்ணும் பண்ணல மாமா. வெறகு வெட்டறப்ப நான்தான் குறுக்கப் போய்ட்டேன்."

பிறகு என் விரலைப் பிடித்து இழுத்து, மெதுவாகக் கேட்டாள். "எம்மா, நான் சரியா சொன்னனா?"

என் கால் நின்றுவிட்டது. டோலி முன்னால் போய்விட்டது.

அம்மன் எனக்குப் பதில் சொன்னது அந்தப் பாதையில்தான். நான் வருசக்கணக்காக அவரைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். அவள் என்னைக் காட்டினாள். ஊற்றிக் கொடுக்கிறதும், மூடி மறைக்கிறதும், அடி வாங்கிக்கொண்டு குறுக்கே நிற்கிறதும் அந்தப் பிள்ளை யாரிடம் படித்தாள்? அவர் சொல்லித் தரவில்லை. நான் சொல்லித் தந்தேன். மழையில் மண்டியிட்டேன். "அவரை விடு தாயே. என்னை மாத்து. இவளை என்னைப் போல ஆக்காதே. உயிரைக் கொடு" என்றேன். எழுந்து ஓடினேன்.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எப்படி வெட்டுப்பட்டது என்று. அலமேலு வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"இவ அப்பன் வெட்டினதுங்க. எனக்கு ஓங்கினது. சாராயம் காச்சி ஊத்தினது நான். நாந்தான் அவர உசுப்பி வுட்டதும்."

என் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே ஒரு அதிசயம். ரத்தம் வேண்டும் என்றார்கள். என்னுடையது சேர்ந்தது. பிழைப்பாளா என்று விடிந்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். விடிந்தது. "பசிக்குதும்மா" என்றாள். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். அவள் இடது கை விரல் இரண்டு இன்றைக்கும் மடங்காது. உயிர் இருக்கிறது.

அவரைப் போலீஸ் கொண்டுபோனது. இந்தத் தடவை நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஊருக்கு வந்ததும் பானையை வெளியே எடுத்து எல்லோரும் பார்க்க உடைத்தேன். கோயிலில் ஊர் கூடியிருக்கும்போது, சத்தியம் முறிந்ததையும் நான் மறைத்ததையும் சொன்னேன். அந்தத் திருவிழாவில் என் பானையை நானே தள்ளி வைத்தேன். எனக்காக அழுத பெண்களே காறித் துப்பினார்கள். சிலர் தண்ணீர் எடுக்க என்னோடு வருவதை நிறுத்தினார்கள். முனியம்மா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்பத்தான் அண்ணி உன் வூட்டுல காத்து வருது."

சில மாசம் கழித்து அவர் ஜெயிலிலிருந்து வந்தார். வாசலில் நின்று ஊற்று என்றார். இல்லை என்றேன். அறைந்தார். நான் திருப்பி அடிக்கவில்லை, நாக்கையும் நீட்டவில்லை. அலமேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு முனியம்மா வீட்டுக்குப் போனேன். "அடிச்சார், வந்துட்டேன்" என்று தெருவிலேயே சொன்னேன். அவர் பிறகு தம்பி வீட்டில் போய் இருந்துகொண்டார். இன்னும் குடிக்கிறார். அறுப்புக் காலத்தில் தெளிவாக வந்தால் வேலை செய்வார், சோறு போடுவேன். குடித்து வந்தால் கதவு திறக்க மாட்டேன். அவர் திருந்துவாரா என்பது அவருக்கும் அம்மனுக்கும் நடுவில் உள்ள விஷயம். என் நாக்கு இன்னும் சில நாள் துடிக்கிறது. சுருக்கென்று குத்திப் பேசத் தோன்றுகிறது. அப்போது அம்மன் பேரைச் சொல்கிறேன். அடங்குகிறது.

போன தை மாசம் அலமேலுவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தழும்பைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டாள். அலமேலு நிமிர்ந்து சொன்னாள்.

"எங்க நைனா குடிச்சிட்டு வெட்டினதுங்க."

அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அலமேலு டம்ளர்களை எடுத்துக் கழுவப் போட்டாள். "போனாப் போவட்டும்மா. குடிக்காதவனா ஒருத்தன் வரட்டும்" என்றாள். நான் அன்றைக்கே கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டேன். அந்த மழையில் நான் கேட்டது கிடைத்துவிட்டது.

குடிகாரனைக் கட்டிக்கொண்ட தங்கச்சிகளே, அக்காமாரே. அடிக்கிற கை அடிக்கிறவனுடைய பாவம். அதை நீங்கள் சுமக்க வேண்டாம். ஆனால் உங்கள் கை என்ன செய்கிறது என்று அம்மனிடம் ஒரு தடவை கேளுங்கள். அவள் காட்டுவாள். பார்க்க முடியாது, கண் எரியும். பாருங்கள். பார்க்கிற வரைக்கும் அவள் பக்கத்திலேயே நிற்பாள். என் பக்கத்தில் நின்றாள்.