சூடு ஆறும்வரை திறந்திருந்த மூடி

மாத்தளைக்கு வெளியே ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் கழுவித் துடைக்கிற வேலை எனக்கு. எல்கடுவவிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும்போதே கால் வீங்கியிருக்கும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். அங்கே ஆராய்ச்சி செய்கிற மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை; என் மகள் வயதுதான். கேட்டதற்குப் பதில் சொல்வதைத் தவிர அவரிடம் நான் பேசியதில்லை.

புரொப்பேன், புரொப்பிலீன் என்று இரண்டு வாயு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பிரிப்பது பெரும்பாடு என்பார். பெரிய தொழிற்சாலைகளில் உயரமான கோபுரம் கட்டித்தான் பிரிப்பார்களாம். மிஸ் செய்தது மிளகை விடச் சிறிய வெள்ளை மணிகள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அவற்றில் நிறைய. மணிகளைக் குழாயில் நிரப்பி, இரண்டு வாயுவையும் சேர்த்து அனுப்பினால் புரொப்பிலீன் துளைக்குள் தங்கித் தாமதமாக வரும். புரொப்பேன் முதலில் வெளியே வந்துவிடும். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். மணிகளை மின்னடுப்பில் காயவைத்து ஜாடியில் போட்டு வைப்பது என் வேலை.

அந்த மழைக்காலத்தில் மூன்று கிழமையாக ஒன்றும் சரிவரவில்லை.

“இண்டைக்கும் ரெண்டும் கையைக் கோத்துக்கொண்டு வருதுகள், அக்கா. பொம்பிளை மாப்பிளை மாதிரி.”

சிரித்தார். கண் சிவந்திருந்தது. இரண்டு வருஷம் பாடுபட்டுச் செய்த மணிகள். வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால், இது உதவாது என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்து அவற்றைக் கைவிட வேண்டும்.

புதன்கிழமை தனக்குள் பேசுவது போலச் சொன்னார்: “இந்த மணிகள் எங்கேயோ ஈரம் குடிச்சிட்டு வருதுகள். வெறும் காத்தில இருக்கிற ஈரமே இதுகளின்ர துளையை அடைக்கப் போதும்.”

துடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. மிளகாய் வறுத்தாலும் கோப்பிக்கொட்டை வறுத்தாலும் தோட்டத்து லய வீடுகளில் நாங்கள் சூட்டோடு போத்தலில் அடைக்க மாட்டோம். உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில், மணிகளையும் ஜாடியில் கொட்டி, நன்றாக ஆறும்வரை மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். அதுவும் ஜன்னலோரம். வெளியே தூறல்.

அன்று சொல்லவில்லை. வியாழனும் வாய் வரவில்லை. வெள்ளி காலை மிஸ் மேலிடத்துக்கான கடிதத்தைக் கணினியில் தட்டத் தொடங்கிவிட்டார். விளக்குமாறோடு பக்கத்தில் போய் நின்றேன்.

“மிஸ், மூடியத் தெறந்து வச்சது நாந்தாங்க.”

“எந்த மூடி?”

“மணி ஜாடி மூடி. சூட்டோட மூடுனா வேர்க்கும்னு நெனச்சேங்க.”

தட்டுவதை விட்டு என் பக்கம் திரும்பினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மூண்டு கிழமை, அக்கா,” என்றார். பிறகு, “மூடி வையுங்கோ எண்டுதான் சொன்னனான். எப்ப எண்டு நான் சொல்லேல்லை.”

தட்டியதை அழித்துவிட்டு, திங்கள்வரை தவணை கேட்டு மேலிடத்துக்கு போன் எடுத்தார்.

சனிக்கிழமையும் வந்து காயவைத்தேன். சூட்டோடு மூடினேன், துணி பிடித்தும் விரல் சுட்டது. திங்கட்கிழமை, வாயு வெளியே வருவதைக் காட்டும் திரையில் கோடு ஒரு மேடாக ஏறி இறங்கித் தரையோடு போனது. வெகுநேரம் அப்படியே போனது. பிறகு இன்னொரு மேடு.

“பிரிஞ்சிட்டுதுகள்!” மிஸ் கதிரையை என் பக்கம் தள்ளினார். “இருங்கோ அக்கா.”

அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான். கழுவ வேண்டிய குழாய்கள் குவிந்து கிடந்தன. கால் எழும்ப மறுத்தது. இருந்தேன்.