அஞ்சாவது முடிச்சு

நைனா குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்ட மறுவாரம், பொன்னேரியிலிருந்து கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரில் ஸ்டீல் கைப்பிடி போட வைத்தேன். அடுத்த நாளே அதைக் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கினார். தடுக்கப் போன என் முழங்கையில் அதே கடப்பாரையால் ஒன்று போட்டார்.

"ஈரக் கைக்கு இரும்பு வழுக்கும்னு தெரியாது? வலைக்காரன் வூட்ல பொறந்தவதான நீ?"

கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவர் நெடுக ஆணி அடித்து, பழைய வலைக்கயிற்றை விறைப்பாகக் கட்டினார். கண்ணில் புரை விழுந்திருந்ததால், காலடிக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தார். எண்ணிக்கொண்டே நடப்பார். சமையலறை வாசலையும் அந்தக் கயிறு இடுப்பளவில் மறித்தது. நான் தினமும் குனிந்து போகணும். எரிச்சல் மண்டிக்கொண்டு வரும்.

ஒருநாள் கொதிக்கிற குழம்புச் சட்டியோடு வந்தவள் குனிய மறந்தேன். கயிறு வயிற்றில் மோதியது. குழம்பு முழுக்க என் இரண்டு கால்களிலும் கொட்டியது. ஊரே கேட்கிற மாதிரி அலறினேன். வெந்த காலோடு மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து, வாசலை மறித்த அந்தத் துண்டை மட்டும் அறுத்து அடுப்பில் எறிந்தேன்.

என் அலறலைக் கேட்டு நைனா கட்டிலை விட்டு எழுந்திருந்தார். "இன்னாடி ஆச்சு?" என்று பதறிக்கொண்டே கயிற்றைப் பிடித்து வேகவேகமாக வந்தார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வாசலில் குப்புற விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

தரையில் கிடந்தபடியே கையை மேலே நீட்டித் துழாவினார்.

"நாலு எண்ணிட்டேன். அஞ்சாவது முடிச்சு எங்கடி?"