மூன்றாம் மாடி அண்ணன்

நூலும் பொத்தானும் பின்னல்நாடாவும் அஞ்சல்வழி விற்கும் அந்நிறுவனத்தில் பத்தொன்பதாயிரம் வாடிக்கையாளரின் பெயர்களைக் காப்பவர் ஒரே ஓர் அம்மையார். வயது ஐம்பத்திரண்டு. வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை அனைவர்க்கும் அவர் 'பட்டியலக்கா'. சரக்கு ஏற்றும் முற்றத்தை நோக்கிய சிற்றறை, தாமே தைத்த உறை போர்த்திய கணினி, பழைய அட்டைகள் துயிலும் இரும்பு அலமாரி: இவையே இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர்தம் உலகம்.

"பேரு எங்க வேணா கிடைக்கும்," என்பார். "கடைசியா எப்ப வாங்கினாங்க, எத்தனை தரம் வாங்கினாங்க, என்ன வாங்கினாங்க? இந்த மூணும் தெரியாட்டி அது பட்டியல் இல்ல, பஸ் ஸ்டாண்ட் கூட்டம்."

இனி விலைப்புத்தகம் அனுப்ப வேண்டா என எவரேனும் எழுதினால், அன்று மாலைக்குள் அப்பெயர் அஞ்சலினின்று நீங்கிவிடும். இறந்தார் என்று செய்தி வந்தாலோ, கையிலிருக்கும் தேநீரையும் வைத்துவிட்டு முதலில் அதைச் செய்வார். துக்க வீட்டு வாயிலில் பொத்தான் விலை சொல்லும் புத்தகம் போய் நிற்பதை அவர் உள்ளம் பொறுப்பதில்லை. நாள்தோறும் இறைவன் திருநாமங்களை ஓதிய பின்னரே வேலைக்குக் கிளம்பும் அவருக்கு எந்தப் பெயரும் வெறும் எழுத்தாகத் தோன்றியதில்லை.

அவர் பட்டியலில், உலகிலேயே இல்லாத மனிதர் ஒருவரும் இருந்தார். பட்டியலின் நகற்படி ஒன்றை வெளியாருக்குக் கொடுக்கும்போது, அதில் பொய்ப்பெயர் ஒன்றைக் கலந்துவிடுவது இத்தொழிலின் காவல்முறை. எவரேனும் அதைக் களவாக எடுத்தாண்டால் அப்பெயருக்கும் ஓர் உறை வந்து சேரும்; களவு தானே வெளிப்படும். உடன்பிறந்தார் எவரும் இல்லாத பட்டியலக்கா, தம் வீட்டு முகவரியிலேயே தமக்கோர் அண்ணனைப் படைத்துக்கொண்டார். யாருக்குக் கொடுத்த படி என்பது விளங்கும்படி அண்ணன் குடியிருக்கும் தளத்தை மட்டும் மாற்றுவார். நிறுவனமே நேரே அனுப்பும் அஞ்சலில் அவர் தரைத்தளத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன், உறைகளில் முகவரி ஒட்டிய அச்சகத்திற்குக் கொடுத்த படியில் மட்டும் மூன்றாம் மாடியார். வீடோ ஓட்டு வீடு, மாடியே கிடையாது.

கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கணவருக்கு இந்த மைத்துனர் மீது தீராத குறை. "உன் அண்ணன் இந்தத் தரமும் கடுதாசியோட சரி. மாப்பிள்ளை செத்தானா பொழைச்சானான்னு ஒரு வார்த்தை உண்டா?" என்பார். கல்லூரி செல்லும் மகள் உறை வரும்போதெல்லாம், "மாமா வந்திருக்கார்," என்று அறிவித்துவிட்டுக் குளிர்பெட்டியின் தலைமேல் போடுவாள்.

ஓராண்டு வாங்காதவர்க்குப் புத்தகம் அனுப்ப வேண்டா என்று முந்தைய மேலாளர் விதி செய்திருந்தார். அவ்விதியால் ஒதுங்கியவர் நாலாயிரவர். அலுவலக வழக்கில் 'தூங்குறவங்க'. அவர்களை மட்டும் ஒருநாளும் அழியாமல் தனியே காத்துவந்தார் பட்டியலக்கா. புதிதாய் வந்த மேலாளர் ஒருநாள் அவரது அறைக்கே வந்தார்.

"அக்கா, தரகர் ஒருத்தர் இருபதாயிரம் பேர் தர்றார். எல்லாரும் தையல்ல ஆர்வம் உள்ளவங்களாம். இனிமே இந்தத் தூங்குறவங்களை எதுக்குச் சுமக்கணும்? அழிச்சிடலாம்."

"மாடு வாங்கினாக்கூட பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்க சார். பட்டியலைப் பார்த்தீங்களா?"

"காட்ட மாட்டாராம். பேருதான் அவருக்குக் கைமுதல். நம்ம புத்தகத்தை வாங்கி அவரே முகவரி ஒட்டி அனுப்புவாராம். முதல்ல ஆயிரம் பேருக்கு அனுப்பிப் பார்க்கலாம். அதுல இருபது பேர் வாங்கினா மொத்தத்தையும் எடுத்துடலாம்."

"அப்போ என் நாலாயிரம்?"

"இருபது வந்துட்டா, அந்த வெள்ளிக்கிழமையே அழிச்சிடுங்க அக்கா."

அந்த ஆயிரம் புத்தகங்களில், பொருள் கேட்டெழுதும் படிவத்தில் மட்டும், தனியே எண்ணுதற்பொருட்டு, மூலையில் ஒரு நட்சத்திரம் அச்சிடப்பட்டது. நிறுவனத்தின் உறையிலிட்டே புத்தகங்கள் தரகரிடம் போயின. மூன்றாம் வாரத்துப் புதன்கிழமை மேலாளர் சாக்லேட்டோடு வந்தார்.

"முப்பத்தொண்ணு அக்கா."

பட்டியலக்கா சாக்லேட்டைப் பிரிக்கவில்லை. "முன்னப்பின்ன தெரியாதவங்க ஆயிரத்துக்குப் பத்துப் பேர் வாங்கினாலே அதிசயம். இவங்களுக்கு நம்ம மேல இவ்வளவு பாசம் எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

"பொறாமைப்படாதீங்க. வெள்ளிக்கிழமை," என்று சொல்லி அவர் அகன்றார்.

அன்று மாலை வீட்டில் பட்டியலக்காவின் முகம் வாடியிருந்தது. கணவர், "நாலாயிரம் பேரும் நம்ம வீட்டுக்கே சாப்பிட வந்துடுவாங்கன்னு பயமா?" என்று கேட்டும் சிரிப்பு வரவில்லை. மனக்கலக்கம் நேரும்போதெல்லாம் எதையேனும் அடுக்குவது அவர் இயல்பு. குளிர்பெட்டியின்மேல் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். அவற்றிடையே அண்ணனின் உறை ஒன்று இருந்தது. நிறுவனத்தின் வழக்கமான உறையே. முகவரியில் மட்டும், மூன்றாம் மாடி.

பிரித்தார். படிவத்தின் மூலையில் நட்சத்திரம்.

"இது எப்ப வந்துச்சு?"

"பதினஞ்சு நாள் இருக்கும். மாமாதானேன்னு மேல போட்டேன்," என்றாள் மகள்.

"மூணாம் மாடின்னு போட்டிருக்கே, பார்க்கலையா?"

"அவர் எந்த மாடியில இருந்தா என்னம்மா? மாமாவே இல்ல, இதுல மாடிக்கு எங்க போறது?"

பட்டியலக்கா அன்றைய தினத்தில் முதன்முறையாகச் சிரித்தார். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கி உண்டார்.

மறுநாட் காலை, எண்ணிக்கை முடித்து விற்பனைப் பிரிவில் கிடந்த முப்பத்தொரு படிவங்களையும் கேட்டுப் பெற்றுத் தம் பட்டியலோடு ஒவ்வொன்றாய் ஒப்பிட்டார். முப்பத்தொருவரும் அதில் இருந்தனர். பின்னர் மேலாளர் மேசைமீது உறையையும் படிவங்களையும் வைத்து, இல்லாத அண்ணனின் வரலாற்றை எடுத்துரைத்தார். மேலாளர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம பட்டியலையே நமக்கு விக்க வந்திருக்கான்."

"மூணாம் மாடி அச்சகத்துக்குக் கொடுத்ததுல மட்டும்தான் சார். அங்கேர்ந்துதான் போயிருக்கு."

"அப்போ இந்த முப்பத்தொரு பேரும்…"

"நம்மவங்கதான். அதுல பத்தொன்பது பேர் தூங்குறவங்க."

மேலாளர் நிமிர்ந்தார். "இவ்வளவு நாளா வாங்காதவங்க இப்ப மட்டும் ஏன் வாங்கினாங்க?"

"ரெண்டு வருஷமா நாம அனுப்பலையே சார்."

மேலாளர் இழுப்பறையைத் திறந்து, மிஞ்சியிருந்த சாக்லேட்டுகளை எல்லாம் எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "பொறாமைன்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க அக்கா."

வெள்ளிக்கிழமை எவரும் அழிக்கப்படவில்லை. தரகருக்குக் கதவு அடைபட்டது. அச்சகத்தின் தொடர்பும் அறுந்தது. நாலாயிரவர்க்கும், புத்தகம் இன்னும் அனுப்பலாமா என வினவி ஒரு மடல் போயிற்று. அறுநூற்றுச் சொச்சம் பேர் அனுப்புக என்றனர். இருநூற்றுவர் வேண்டா என்றனர். அவர்களை அவ்வப்போதே நீக்கினார். சில மடல்கள் ஆளில்லை என்று திரும்பின. பெரும்பாலோர் ஒன்றும் எழுதவில்லை. 'சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டீங்க, நான் என்ன தப்பு செஞ்சேன்னு யோசிச்சிட்டே இருந்தேன்,' என்று ஒருத்தி மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தாள். அந்த மடலைப் பட்டியலக்கா அலமாரியின் உட்கதவில் ஒட்டிவைத்தார்.

அடுத்த மாதம் புதிய அச்சகம் ஒன்று அமர்த்தப்பட்டது. அதற்குரிய படியில் அண்ணனை நான்காம் மாடிக்கு ஏற்றினார். இரவு உணவின்போது இச்செய்தியைக் கேட்ட கணவர் தலையைத் தூக்கி ஓட்டுக் கூரையைப் பார்த்தார்.

"இந்த வயசுல மச்சான் எத்தனை படிதான் ஏறுவார்? அடுத்த தரம் லிஃப்ட் இருக்குன்னும் சேர்த்து எழுதிடு."