மாப்ளே, ஒரு அடி முன்னால வா

இது நடந்தது 2004-ஆம் வருஷத்துக் கடைசியில், சவூதியில் ஜுபைலிலிருந்து பாலைவனத்துக்குள் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் வரும் ஒரு பண்ணையில். ஓட்டுகிறவருக்கு வழி தெரிந்தால் வரும். எனக்கு இன்றைக்கும் அந்த வழி தெரியாது.

நான் சவூதிக்குப் போனது பைப் பிட்டராக. ஜுபைல் கேம்ப்பில் ஒரு ரூமில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் தமிழர்கள், எட்டுப் பேருக்கும் எட்டு விதமான குறட்டை. "தூங்க முடியல, நிம்மதி இல்ல" என்று நான் தினமும் புலம்பிக்கொண்டிருந்தபோது, எங்களுக்கு விசா கொடுத்த முதலாளி, அதாவது கபீல், தன் பண்ணையில் பம்பையும் தண்ணீர்க் குழாய்களையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கேட்டு அனுப்பினார். தனி ரூம், ஏசி, உன் சமையல் உன் இஷ்டம் என்றார்கள். மற்ற ஏழு பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கையைத் தூக்கினேன். இந்த மாதிரி புத்திசாலித்தனம் எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக வருவது.

போன மூன்றாம் நாளே அந்தக் குறட்டைகள் எல்லாம் சங்கீதமாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டன. பண்ணையில் நிரந்தர ஆள் நான் ஒருவன்தான். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு பாகிஸ்தான் டிரைவர் தீவனமும் குப்பூஸ் ரொட்டியும் கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை கபீல் (நாங்கள் கூப்பிடுவது பாபா என்று) வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். மீதி நேரமெல்லாம் நானும் ஜெனரேட்டரும்தான். ஜெனரேட்டர் என்னைவிட அதிகம் பேசும்.

அந்தப் பண்ணையில் கம்பிவேலிக்குள் ஓரிக்ஸ் வளர்த்தார்கள். மான் வகைதான். ஆனால் நம்மூர்ப் புள்ளிமானை நினைத்துக்கொள்ள வேண்டாம். காளை மாட்டு உடம்பு, வெள்ளை நிறம், பின்பக்கமாக வாள் போல வளைந்து போகும் இரண்டு நீளக் கொம்புகள். முப்பது உருப்படி இருக்கும். அதில் ஒரு கிழ ஆண் மட்டும் கூட்டத்தில் சேராமல் வேலி ஓரமாகவே தனியாக நிற்கும். இளசு ஒன்று அதை அடித்துத் துரத்திவிட்டதாம். என் ரூமுக்கு எதிரேதான் அதன் இடம்.

ஒருநாள் சாயங்காலம் மீந்த குப்பூஸை வேலி வழியாக நீட்டி, "என்ன மாப்ளே, உன்னையும் தனி ரூம்னு சொல்லித்தான் கூட்டியாந்தாய்ங்களா?" என்று கேட்டேன். அது வந்து வாங்கித் தின்றது. அன்றிலிருந்து அதன் பெயர் மாப்ளே. என் சாம்பார் தீய்ந்தது, பம்பு மக்கர் செய்தது, ஊரில் என் தம்பி எனக்குத் தெரியாமல் என் சைக்கிளை விற்றது எல்லாவற்றையும் அதனிடம் சொல்லுவேன். நேருக்கு நேர் நின்று, காதை மட்டும் ஆட்டிக்கொண்டு, மென்றுகொண்டே கேட்கும். என் ஜோக்குக்கு முகம் சுளிக்காத ஒரே உயிர்.

போன் பேச வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற வேண்டும். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ஒரு தடவை என் மனைவி கேட்டாள்.

"அங்க பேச்சுத் துணைக்கு யாருங்க இருக்கா?"

"ஒரு மாப்ள இருக்கான். நான் என்ன சொன்னாலும் எதுத்துப் பேச மாட்டான்."

"அப்ப நல்ல இடத்துல வளந்த புள்ளதான். நீங்க அவரக் கெடுத்துறாதீங்க" என்றாள்.

நவம்பர் வாக்கில் ஒரு காலையில் மாப்ளே எழுந்திருக்கவில்லை. இரவில் அந்த இளசு மறுபடி குத்தியிருக்கிறது. பின்னந்தொடையில் கொம்பு ஆழமாக இறங்கியிருந்தது. இடுப்பு எலும்பும் முறிந்திருக்க வேண்டும். முக்கித் தக்கி எழுந்தாலும் பின்னங்காலை ஊன்ற முடியவில்லை. நான் குழாய்த் தண்ணீரில் மருந்தைக் கலந்து தூரத்திலிருந்தே பீய்ச்சிப் பார்த்தேன். புண்ணைவிட என் சட்டைதான் அதிகம் சுத்தமானது. நான்கைந்து நாளில் நாற்றம் என் ரூம் வரைக்கும் வந்துவிட்டது. மிருக டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பிழைக்காது, நாளைக் கடத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஊசி போடுவதென்றால் பிடிக்க வேண்டும். பிடிப்பதென்றால் பிக்கப் வண்டியில் துரத்த வேண்டும். முறிந்த இடுப்போடு அந்தக் கொம்பையும் வைத்துக்கொண்டு அது எப்படி ஓடும்?

"நான் சுடுகிறேன்" என்றார் கபீல்.

அவர் ஆப்பிரிக்கா பக்கம் போய் வேட்டையாடிய ஆள். தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ரைபிளைத் தோளில் முட்டுக்கொடுக்க முடியாது. அதற்குப் பிறகு கைத்துப்பாக்கியால் வேட்டையாடப் பழகியிருந்தார். லைசென்ஸோடு வைத்திருந்தார். நீளக் குழலுள்ள பெரிய ரிவால்வர். எனக்குத் துப்பாக்கி என்றால் சினிமாதான். ஹீரோ ஓடிக்கொண்டே சுடுவார், வில்லன் மாடியிலிருந்து விழுவான். அதனால், இதில் என்ன இருக்கிறது, போய்ச் சுட்டுவிட்டு வருவார் என்று நினைத்தேன்.

அவரோ முதலில் என்னை ஒரு பிளைவுட் பலகையில் அதன் உருவத்தை வரையச் சொன்னார். வரைந்தேன். நெஞ்சில் சிவப்புப் பெயின்டில் இதயமும் போட்டேன். நம்மூர் ஆட்டோவின் பின்னால் இருக்குமே, அதே இதயம். அம்பு மட்டும்தான் பாக்கி. டிரைவர் பார்த்துவிட்டு, "பாய், இது ஆடா, நாற்காலியா?" என்று இந்தியில் கேட்டார். கபீல் சிரிக்கவில்லை. துணியால் என் காதல் சின்னத்தை அழித்துவிட்டு, பலகையில் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நான் நினைத்ததைவிட ரொம்பக் கீழே, உள்ளங்கையை வைத்தார். அங்கே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் போடச் சொன்னார். இதயமும் நுரையீரலும் அந்த வட்டத்துக்குள் இருக்கின்றன. குண்டு அங்கே போனால் அதற்கு வலி தெரிய நேரம் இருக்காது. வேறு எங்கே போனாலும் நேரம் இருக்கும்.

நாற்பதடி தூரத்திலிருந்து சுட்டுப் பழகினார். ஒரு குண்டு வட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. முப்பதடிக்கு வந்தார். இருபதடிக்கு வந்தார். அங்கேயிருந்து சுட்டதெல்லாம் வட்டத்துக்குள் விழுந்த பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"இருபதடி. அதுக்கு மேல நான் சுட மாட்டேன்" என்றார். அவர் பேசுவது அரபும் இந்தியும் கையசைப்பும் கலந்த ஒரு பாஷை. "ஆனா என்னை இருபதடிக்கு அது விடாது. உன் குரலுக்கு மட்டும்தான் வருது. நீ கூப்பிடுவியா? முடியாதுன்னா சொல்லு, கோபிக்க மாட்டேன்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் பிக்கப் நிற்பது கண்ணில் பட்டது. "கூப்பிடுறேன், பாபா" என்றேன்.

முதல் நாள் காலையில் கபீல் எனக்குப் பக்கத்திலேயே வேலி ஓரமாகக் குந்திக்கொண்டார். நான் குப்பூஸை நீட்டி, "வாடா மாப்ளே" என்றேன். நொண்டிக்கொண்டே வந்தது. வந்து எப்போதும் போல எனக்கு நேரெதிரே முகத்தைக் காட்டி நின்றது. கபீல் துப்பாக்கியைத் தூக்கினார். பத்தடிகூட இருக்காது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் துப்பாக்கியைத் தாழ்த்தியிருந்தார்.

"மாரோ பாபா, மாரோ!" என்று பின்னாலிருந்து டிரைவர் சுடச் சொல்லிக் கிசுகிசுத்தார்.

"நீ சும்மா இரு" என்று அவரை அதட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "முகம் வேண்டாம். தலை ஆடிக்கிட்டே இருக்கு. நெஞ்சுக்கு முன்னால எலும்பு. இது கைத்துப்பாக்கி. தப்பினா மூணு காலோட ஓடி, அந்த மூலையில கிடந்து சாயங்காலம் வரைக்கும் சாகும். எனக்குப் பக்கவாட்டு வேணும்."

அங்கேதான் சிக்கல். மாப்ளேவை என்னை நேருக்கு நேர் பார்த்து நிற்கப் பழக்கியது நான்தான். தினமும் முகத்துக்கு நேரே ரொட்டியை நீட்டி, முகத்துக்கு நேரே கதை சொன்னவன் நான். நான் எங்கே நின்றாலும் அதன் முகம் அந்தப் பக்கம்தான் இருக்கும். அன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பம்பு ஷெட்டின் ஜன்னல் அந்த வேலிக்குள்தான் திறக்கிறது. நான் ஷெட்டைத் தாண்டி வேலி மூலைக்கு இந்தப் பக்கம் நின்றால், மாப்ளே என்னைப் பார்த்து நிற்கும்போது அதன் விலாப்புறம் முழுதும் ஜன்னலுக்கு நேராக இருக்கும். மாப்ளேவுக்கு அந்தப் பக்கம் மணல்மேடு. குண்டு தப்பினாலும் மணலுக்குள் போய்விடும். டேப் வைத்து அளந்து, நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தேன். குழாய் பதிக்கிறவனுக்கு அளவெடுப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. அன்றைக்கு மட்டும் ஒரே இடத்தை மூன்று தடவை அளந்தேன்.

கபீலிடம் காட்டினேன். தலையாட்டினார். இன்னொன்றும் சொன்னார். "அது நிக்கும்போது ஜன்னல் பக்க முன்னங்கால் ஒரு அடி முன்னால போகணும். கால் பின்னால இருந்தா அந்த இடத்தை மூடிக்கும். அப்புறம், சத்தம் கேட்டாலும் நீ பேச்சை நிறுத்தக் கூடாது. நான் கலாஸ், முடிஞ்சதுன்னு சொல்ற வரைக்கும் பேசணும்."

மறுநாள் காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. கபீலும் டிரைவரும் ஷெட்டுக்குள். நான் செங்கல் மேல்.

"வாடா மாப்ளே. சாப்டியா? நேத்துக் கோவமா உனக்கு? பொழுதுக்கும் கம்முனு படுத்துக் கிடந்த."

எழுந்திருக்க நேரம் எடுத்தது. வந்தது. நின்றது. முகம் எனக்கு, விலா ஜன்னலுக்கு. ஆனால் முன்னங்கால் பின்னாலேயே இருந்தது. வலியில் அது எடையை முன்னால் போட்டு, இரண்டு கால்களையும் சேர்த்து ஊன்றியிருந்தது. ஜன்னலில் குழல் தெரிந்தது, அசையவில்லை. அவர் சுட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"உன்ன லீவுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்டா. ஏர்போர்ட்லதான் பிரச்சின. இந்தக் கொம்புக்கு எக்ஸ்ட்ரா லக்கேஜ் போட்ருவாய்ங்க. எங்க வீட்ல வேற, உன்னய நல்ல இடத்துல வளந்த புள்ளைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா..."

குப்பூஸை வேலியிலிருந்து ஒரு சாண் பின்னால் இழுத்துப் பிடித்தேன். கழுத்தை நீட்டியது. எட்டவில்லை. என்னைப் பார்த்தது. இத்தனை மாதத்தில் நான் ரொட்டியைப் பின்னால் இழுத்ததே இல்லை.

"ஒரு அடிடா மாப்ளே. ஒரே ஒரு அடி முன்னால வா."

முன்னங்காலைத் தூக்கி வைத்தது. நான் கையை நீட்டிக் கொடுத்தேன். வாயில் வாங்கியது. "பிஸ்மில்லா" என்று ஷெட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டது. அதற்குப் பிறகு வெடிச் சத்தம்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். பம்பைப் பற்றி, சாம்பாரைப் பற்றி, சைக்கிளைப் பற்றி. மாப்ளே நான்கைந்து அடி நடந்தது, எங்கேயோ போக நினைத்துப் பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டது போல. மண்டியிட்டது. சாய்ந்தது. கபீல் வெளியே வந்து ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இமை அசையவில்லை. கலாஸ் என்று அவர் சொன்னாராம். என் காதில் விழவில்லை. டிரைவர் வந்து தோளைப் பிடித்து, "கலாஸ் பாய், கலாஸ்" என்றபோதுதான் நான் இன்னும் தம்பியைத் திட்டிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். பிறகு மூன்று பேரும் ஷெட் வாசலில் உட்கார்ந்து பால் இல்லாத சுலைமானி டீ குடித்தோம். கபீல் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"அதுகிட்ட முதல்ல என்ன கேட்டே?"

"சாப்டியான்னு கேட்டேன், பாபா. எங்க ஊர்ல அப்படித்தான் கேப்பாங்க."

"என்ன சொல்லுச்சு?"

குப்பூஸ் நீட்டிய கையை வெறுமையாக விரித்துக் காட்டினேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மாதமே என்னைக் கேம்ப்புக்கு அனுப்பிவிடச் சொல்லிக் கேட்டேன். மாற்று ஆள் கிடைக்கும் வரைக்கும் அந்த வேலி ஓரம் இருந்த நாட்கள் இருக்கின்றனவே, அவற்றை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. மீந்த குப்பூஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பாதி வழியில் நின்று, திரும்பவும் உள்ளே போவேன். என் ஜோக்குகள் எவ்வளவு மட்டமானவை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால்தான் அவை ஜோக்காகவே இருக்கின்றன.

அதன் பிறகு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் சில பேரின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறேன். எல்லோரும் தலைமாட்டில் நின்று குசுகுசுவென்று பேசுவார்கள். நான் மட்டும் படுத்திருக்கிறவரின் முகம் எந்தப் பக்கம் என்று பார்த்து அங்கே போய் நின்றுகொண்டு, ஆட்டு விலை, மழை, பஸ் தாமதம் என்று எதையாவது உளறிக்கொண்டிருப்பேன். விவஸ்தை கெட்டவன் என்று உறவில் பெயர் வாங்கியிருக்கிறேன். பரவாயில்லை; போகிற உயிருக்கு நம்மால் கொடுக்க முடிவது பழகிய ஒரு குரல் மட்டும்தான் என்றால், அதை நடுவில் நிறுத்திவிடக் கூடாது என்பதை நான் அந்தச் செங்கல் மேல் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.